செல்லுக்கு முதலில் என்ன செய்தார்கள்?

"இதுல எங்கலே இருக்கு, நீ சொன்ன அந்தச் சாதனம்?" என்று அண்ணன் கேட்டார். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பெரியப்பா மகன், கடியப்பட்டணத்தில் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். ஸ்லைடில் இருந்தது அவருடைய ஒன்பது வயது மகனின் ரத்தம். பையனுடைய சிவப்பணுக்களின் சவ்வில் ஒரு புரதம் போதுமான அளவு இல்லை, அதனால்தான் அடிக்கடி கண் மஞ்சளாகிறது, ரத்தம் குறைகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவரோ அந்தக் குறையை ஸ்லைடில் தேடிக்கொண்டிருந்தார். "கொறஞ்சிருக்குன்னா கொறஞ்ச இடம் தெரியணும்லா?"

இந்த மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது என்றேன். வேறு எதில் தெரியும் என்றார். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் உள்ள கருவிகளில் தெரியும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் நான். சிவப்பணுவைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பெரிய கருவிகள் எடுத்த படங்களையும் ஆசையோடு சேர்த்துவைத்திருக்கிறேன். கறுப்புப் பின்னணியில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் சவ்வில் இருக்கும் ஒரு புரதத்தின் இடம் என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் புள்ளியில் விரலை வைத்து, "இதாண்ணே" என்று நம்பிக்கையோடு சொல்ல முடியுமா? அதில் தெரிவது செல்லா, செல்லுக்கு நாம் செய்த வேலையா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எல்லா ரிப்போர்ட்டிலும் இருந்த எண்

பையனுக்குக் காய்ச்சல் வந்தாலே கண் மஞ்சளாகும். எங்கள் ஊர்ப்பக்கம் மஞ்சக்காமாலை என்றால் கீழாநெல்லிதான். அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பார்கள். மீன் கூடாது, உப்பு கூடாது. கொஞ்ச நாளில் மஞ்சள் இறங்கும், அடுத்த காய்ச்சலுக்குத் திரும்ப ஏறும். வைத்தியரை நான் குறை சொல்ல மாட்டேன். மஞ்சளைப் பார்த்தால் கல்லீரலைத்தான் எவரும் முதலில் நினைப்பார்கள். பையனின் கல்லீரலில் ஒரு கோளாறும் இல்லை. 120 நாள் ஓட வேண்டிய சிவப்பணுக்கள் ஆயுள் முடிவதற்கு வெகு முன்பே மண்ணீரலில் சிக்கி உடைந்துகொண்டிருந்தன. உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து வரும் மஞ்சள்தான் கண்ணில் தெரிந்தது.

கடற்கரையில் வேறொரு பேச்சும் எழுந்தது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதனால் இந்தக் கரையில் யாருக்கு என்ன தீனம் வந்தாலும் முதல் சந்தேகம் மணல்மேல்தான் விழும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, மணலில் கதிரியக்கம் இருப்பது உண்மை. ஆனால் இந்த நோய் வந்த வழி வேறு. அண்ணனுக்கு இளம் வயதிலேயே பித்தப்பையில் கல் எடுத்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கும் அதே கல். சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்தால் பிலிரூபின் என்ற அந்த மஞ்சள் பொருள் கூடி, பித்தப்பையில் கறுப்புக் கல்லாக உறையும். பெரியப்பா, அண்ணன், பையன் என்று ஒரே கோட்டில் வந்திருக்கிறது. பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் என்று பெயர், சிவப்பணு உருண்டையாகிவிடும் நோய். பெரும்பாலும் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வரும் ஒரே ஒரு பழுதான மரபணுவே இதற்குப் போதும்.

அண்ணி ஒரு ஜவுளிக்கடைப் பையில் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் வைத்திருந்தார். வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு வருடங்கள். ஹீமோகுளோபின் எட்டுக்கும் பத்துக்கும் இடையில். அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் இரும்புச்சத்து டானிக் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே தாளில் நாலு வரி கீழே எம்.சி.எச்.சி. என்று ஓர் எண் உண்டு. செல்லுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு அது இறங்கும். இந்தப் பையனுக்கு 36.8, 37.1 என்று மேலே நின்றது. சில தாள்களில் கூடுதல் என்று மெஷினே குறி போட்டிருந்தது. ஹீமோகுளோபின் குறைவாகவும் இந்த எண் கூடுதலாகவும் இருந்தால், சவ்வு சுருங்கி உள்ளே இருப்பது நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்மியர் போட்டு, அதாவது ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்து, கண்ணால் பார்க்க வேண்டும். யாரும் போடவில்லை. இதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நானே போட்டேன். ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் முப்பது டிகிரி சாய்த்து ஒரே தள்ளு. ஆனி மாதம், வெளியே சாரல். எங்கள் மாவட்டத்தில் இந்தக் காற்றில் ஸ்மியர் காய்வது பெரும்பாடு. மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களின் நடுவே பளபளவென்று குமிழ் போல வளையங்கள் விழும். புதிதாக வந்தவர்கள் அதை ஏதோ நோய் என்று எழுதிவிடுவார்கள். அதனால் மின்விசிறிக்கு நேரே பிடித்துச் சட்டென்று காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் வைத்தேன். அப்புறம் எங்கே பார்ப்பது என்ற கேள்வி. ஸ்மியரின் வால் நுனியில் யாருடைய ரத்தமானாலும் செல்கள் தட்டையாகப் பரந்து, நடுவில் இருக்க வேண்டிய வெளிறல் இல்லாமல் தெரியும். அங்கே பார்த்தால் ஊரில் உள்ள எல்லாருக்கும் ஸ்பீரோசைட்டோசிஸ்தான். தடித்த தலைப்பக்கம் பார்த்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இடைப்பட்ட ஒரு பட்டையில்தான், செல்லும் செல்லும் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில்தான், கண்ணை நம்பலாம். அங்கேயும் பையனின் செல்களில் கால்வாசிக்கு மேல் சிறியதாக, அடர்ந்த சிவப்பாக, நடுவில் வெளிறல் இல்லாமல் இருந்தன. அந்தப் பட்டையைத்தான் அண்ணனுக்குக் காட்டினேன்.

ஒரு புள்ளிக்குள் இருநூறு

ஆரோக்கியமான சிவப்பணுவின் குறுக்களவு ஏழரை மைக்ரோமீட்டர் வரும். அதன் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரோமீட்டர், மேற்பரப்பு சுமார் 140 சதுர மைக்ரோமீட்டர். அதே கொள்ளளவை உருண்டையாக வைத்தால் 97 சதுர மைக்ரோமீட்டர் சவ்வு போதும். அதாவது நல்ல சிவப்பணுவிடம் தேவைக்குமேல் நாற்பது சதவீதத்துக்கும் அதிகமான சவ்வு கையிருப்பில் இருக்கிறது. அதனால்தான் இரண்டு பக்கமும் குழிந்திருக்க முடிகிறது, தன்னைவிடக் குறுகிய தந்துகிக்குள் நெளிந்து போக முடிகிறது, மண்ணீரலின் ஒரு மைக்ரோமீட்டர் அளவு இடுக்குகளில் நுழைந்து வெளியே வர முடிகிறது. பையனின் செல்கள் அந்தக் கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தவை. உருண்டையாகிவிட்டால் நெளிய முடியாது, மண்ணீரலைத் தாண்ட முடியாது.

சவ்வு ஏன் கழன்று போகிறது? இதற்குப் பதில் சவ்வின் அடியில் இருக்கிறது. மேலே ஐந்து நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம். அதன் உள்பக்கத்தை ஒட்டி ஸ்பெக்ட்ரின் என்ற நீளமான புரதத்தால் ஆன வலைப்பின்னல். இரண்டையும் பிணைப்பவை அங்கிரின், 4.2 முதலிய புரதங்கள். படலத்துக்குள் ஊன்றி நின்று இவற்றைப் பிடித்துக்கொள்வது பேண்ட் 3. 1970களின் தொடக்கத்தில் சவ்வுப் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டபோது மூன்றாவதாக விழுந்த பட்டை என்பதால் அந்தப் பெயர். ஒரு செல்லில் பத்து லட்சத்துக்குக் குறையாமல் இருக்கும். கார்பன் டை ஆக்சைடைச் சுமக்கும் வேலையில் இதற்குப் பெரிய பங்கு. ரத்த வகை பார்க்கும்போது ஏ, பி என்று நாம் பிரிக்கிற சர்க்கரைச் சங்கிலிகளும் பெருமளவு இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பிணைப்பில் ஏதாவது ஒன்று பலவீனமானாலும், வலைப்பின்னலின் பிடி இல்லாத இடத்தில் படலம் நுண்ணிய குமிழ்களாகக் கழன்று போகும். கழன்று போகும்போது பேண்ட் 3-ஐயும் கூடவே கொண்டுபோகும்.

அண்ணனுக்கு நான் காட்ட முடியாமல் போனது இதைத்தான். 1873-இல் எர்ன்ஸ்ட் அபே சொன்ன எல்லை இது. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்குக் கீழே இரண்டு பொருட்களைப் பிரித்துக் காட்ட முடியாது. நடைமுறையில் 200 நானோமீட்டர். ஒருநாள் சாயங்காலம் ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 140 சதுர மைக்ரோமீட்டரில் பத்து லட்சம் பேண்ட் 3. 200 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்துக்குள் இருநூற்றுச் சொச்சம் வருகிறது. என் மைக்ரோஸ்கோப்பில் மிகச் சின்னதாகத் தெரியக்கூடிய ஒரு புள்ளிக்குள் இருநூறு பேர் நிற்கிறார்கள். அதில் அறுபது பேர் இல்லையென்றால் எப்படித் தெரியும்?

கடியப்பட்டணம் கரையில்

அண்ணனிடம் இதைச் சொல்ல வாய்ப்பு வந்தது ஒரு ராத்திரி. எஞ்சின் பழுது பார்க்கப் போயிருந்ததால் அவர் கடலுக்குப் போகவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தோம். இடப்பக்கம் முட்டம் கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் வள்ளங்களின் விளக்குகள். அதில் ஒரு வெளிச்சத்தைக் காட்டி, "அது எத்தனை வள்ளம் அண்ணே?" என்றேன்.

"பாத்தா ஒண்ணுன்னுதான் தோணும். மூணாவது நிக்கும். கூட்டமாத்தான் போனானுவ."

"எல்லாரும் வெளக்க அணைச்சிட்டு, ஒருத்தன் அணைச்ச பெறவு அடுத்தவன்னு ஒவ்வொருத்தனாப் போட்டா?"

"அப்பம் எண்ணிரலாம். இங்கயிருந்தே ஆளாளுக்கு இடம் குறிச்சிரலாம்."

அதைத்தான் செய்கிறார்கள் என்றேன். புரதத்தோடு ஒளிரும் மூலக்கூறு ஒன்றை ஒட்டுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் ஒரே மங்கல். அதனால் ஒரு சமயத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் ஒளிரும்படி செய்கிறார்கள். தனியாக ஒளிரும் ஒன்றின் மங்கல் 200 நானோமீட்டர் அகலம் இருந்தாலும் அதன் நடுப்புள்ளியை இருபது நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிட்டுவிடலாம். குறித்துக்கொண்டு அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்று ஆயிரக்கணக்கான படங்கள். எல்லாக் குறிகளையும் ஒரே தாளில் வைத்தால் கிடைப்பதுதான் நான் சேர்த்துவைத்திருக்கும் படம். 2006-இல் எரிக் பெட்சிக் குழுவும் ஷியாவேய் ஷுவாங் குழுவும் தனித்தனியே இதைச் செய்து காட்டினார்கள். ஸ்டெஃபான் ஹெல் வேறொரு வழியில், ஒளிரும் புள்ளியின் ஓரங்களை இன்னொரு லேசரால் அணைத்து நடுவை மட்டும் விட்டுவைத்து, அபேயின் எல்லையைத் தாண்டியிருந்தார். 2014-இல் வேதியியல் நோபல் பெட்சிக், ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும். அண்ணனுக்குப் பெயர்களில் அக்கறை இல்லை. கொஞ்ச நேரம் கடலையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"செரி. ஒவ்வொருத்தனா வெளக்குப் போட்டு முடிக்கதுக்குள்ள வள்ளம் நீவாட்டுல நகந்துருமே?"

நீரோட்டத்தில் நகரத்தான் செய்யும். அதனால் செல்லை முதலில் ஃபார்மால்டிஹைடு மாதிரி ஒரு வேதிப்பொருளில் வைத்து அசையாமல் ஆக்கிவிடுவார்கள் என்றேன்.

"நங்கூரம் போடுதானுவ."

"ஆமாண்ணே."

"நங்கூரம் போட்டா வள்ளம் போட்ட எடத்துலயா நிக்கும்? கயித்து நீளத்துக்கு இழுத்துட்டுப் போயில்லா நிக்கும். அப்பம் அவன் குறிச்ச எடம் வள்ளம் மொதல்ல நின்ன எடம் இல்ல, நங்கூரம் போட்ட பெறவு நின்ன எடம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு படத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வியை, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் படத்துக்குப் பாய்கிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வியை, அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். படம் எடுப்பதற்கு முன் செல்லுக்கு என்ன செய்தார்கள்? ஸ்மியரின் வால் நுனியில் பார்க்காதே என்று நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் தினமும் சொல்வதும் இதுதான். மின்விசிறிக்கு முன்னால் காயவை என்பதும் இதுதான். ஏழு மைக்ரோமீட்டரில் எனக்குக் கைப்பழக்கமாக இருந்த கேள்வியை, நானோமீட்டர் படங்களிடம் அதே கறாரோடு கேட்க வேண்டும் என்று அந்த மணலில்தான் எனக்கு உறைத்தது.

எண்பதும் இருநூறும்

அந்தக் கேள்வியோடு என் சேகரிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதலில் பழைய எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள். 1980களில் வந்தவை, பாடப்புத்தகங்களில் எல்லாம் இருப்பவை. ஸ்பெக்ட்ரின் வலைப்பின்னல் அறுகோண ஒழுங்கில், அவ்வளவு அழகாக விரிந்திருக்கும். குட்டையான ஆக்டின் இழைகள் முடிச்சுகளாக, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் ஆறு ஸ்பெக்ட்ரின்கள் கிளம்பி அடுத்த முடிச்சுகளுக்குப் போகும். முடிச்சுக்கு முடிச்சு சுமார் 200 நானோமீட்டர். பல வருடங்கள் என் மனதில் இருந்த சிவப்பணு இதுதான்.

இப்போது அண்ணனின் கேள்வி. செல்லுக்கு என்ன செய்தார்கள்? சவ்வின் கொழுப்பைச் சோப்பு போன்ற ஒரு பொருளால் கரைத்து எடுத்தார்கள். மிச்சமிருந்த வலைப்பின்னலை உப்பு மிகக் குறைந்த நீரில் வைத்து ஊதி விரியவைத்தார்கள். விரித்து, தகட்டில் படியவைத்து, கன உலோக உப்பால் சாயமேற்றிப் பார்த்தார்கள். விரிக்காவிட்டால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி எதுவும் புரியாது. அதனால் விரித்தது தவறில்லை, விரித்ததால்தான் யார் யாரோடு பிணைந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் அந்த 200 நானோமீட்டர், செல் உயிரோடு ஓடும்போது உள்ள அளவு அல்ல.

இதை ஒரு தாளிலேயே சரிபார்க்கலாம். ஒரு செல்லில் சுமார் ஒரு லட்சம் ஸ்பெக்ட்ரின் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலு கூறுகள் சேர்ந்த ஒரு முழு இழை. முக்கோணங்களால் ஆன பின்னலில் ஓர் இழைக்குச் சேரும் பரப்பு, அதன் நீளத்தின் வர்க்கத்தை 0.29-ஆல் பெருக்கினால் வருவது. நீளம் 200 நானோமீட்டர் என்று வைத்தால், ஒரு லட்சம் இழைகளுக்கு 1,150 சதுர மைக்ரோமீட்டர் பரப்பு வேண்டும். செல்லிடம் இருப்பதோ 140. எட்டு மடங்கு வித்தியாசம்! திருப்பிப் போட்டேன். 140-ஐ ஒரு லட்சம் இழைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 70 நானோமீட்டர்தான் இருக்க முடியும். அதாவது உயிருள்ள செல்லில் ஸ்பெக்ட்ரின் தன் முழு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே சுருங்கி மடங்கிக் கிடக்கிறது. இழுபட்டால் நீளும், விட்டால் சுருங்கும். மண்ணீரல் இடுக்கில் நுழைந்து வெளியே வந்து பழைய உருவத்துக்குத் திரும்பும் வலிமை இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தில் அழகாக விரிந்து கிடந்த படத்தில் அந்தச் சுருக்கம் இல்லை.

2018-இல் பெர்க்லியில் கே ஷுவின் குழு சிவப்பணுவின் வலைப்பின்னலை அந்த ஒளிப்புள்ளி முறையில் பார்த்தது. விரிக்காமல், இயல்பான நிலைக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி. ஸ்பெக்ட்ரின் இழையின் முனைக்கு முனை அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 80 நானோமீட்டர். ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் நான் போட்ட எழுபதுக்குப் பக்கத்தில் அந்த எண்பது வந்து நின்றதைக் கண்டபோது எனக்குண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! இதே ஷு, சில வருடங்களுக்கு முன் ஷுவாங்கின் ஆய்வகத்தில் இருந்தபோது, நரம்பு செல்லின் நீண்ட வாலில் ஸ்பெக்ட்ரினும் ஆக்டினும் வளையம் வளையமாக 190 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருப்பதைக் கண்டவர்களில் ஒருவர். அங்கே அதே குடும்பத்துப் புரதம் நீண்டு நிற்கிறது, இங்கே சுருங்கிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வகைக் கருவி சொல்கிறது என்பதால் கருவிமேல் என் நம்பிக்கை கூடியது.

இந்தப் படங்களிடமும் அதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். செல் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது, வேதிப்பொருளால் உறைந்திருக்கிறது. ஒளிரும் மூலக்கூறைப் புரதத்தோடு இணைக்கப் பெரும்பாலும் ஆன்டிபாடி பயன்படும். ஆன்டிபாடியே பத்து நானோமீட்டர் அளவுள்ளது. இரண்டு ஆன்டிபாடி அடுக்கினால் புள்ளி குறிக்கும் இடம் புரதத்திலிருந்து இன்னும் தள்ளிப்போகும். ஆகவே புள்ளி என்பது புரதம் அல்ல, புரதத்துக்கு இவ்வளவு அருகில் ஒரு விளக்கு எரிந்தது என்ற சாட்சி. அந்தச் சாட்சியை நான் நம்புகிறேன். எவ்வளவு தூரம் தள்ளியிருக்கலாம் என்று அவர்களே கணக்கோடு சொல்வதால் நம்புகிறேன்.

புரதத்தின் உருவமே வேண்டுமென்றால் அதற்குக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி. 2017-இன் வேதியியல் நோபல் இதற்காக ழாக் துபோஷே, ஜோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் போனது. இதில் செல்லை உடைத்து, சவ்விலிருந்து புரதக் கூட்டத்தைப் பிரித்தெடுத்து, படிகமாகாதபடி கண நேரத்தில் உறையவைத்து, லட்சக்கணக்கான துகள்களின் மங்கலான படங்களை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். 2022-இல் அங்கிரினைச் சுற்றியுள்ள கூட்டம் இப்படித் துலங்கியது. பேண்ட் 3, 4.2, கிளைக்கோஃபோரின், ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்க உதவும் ஆர்எச் புரதங்கள் எல்லாம் யார் தோளில் யார் கை என்று தெரிந்தது. எதிர்பாராமல் அங்கே அக்வாபோரின் 1 என்ற நீர்வழிப் புரதமும் அங்கிரினோடு சேர்ந்து நின்றது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பீட்டர் ஆக்ரே 1980களில் ஆர்எச் புரதத்தைப் பிரித்தெடுக்க முயன்றபோது விடாமல் கூடவே வந்து தொல்லை கொடுத்த வேறொரு புரதம்தான் அக்வாபோரின். அதைத் தூக்கி எறியாமல் என்னவென்று பார்த்ததற்குத்தான் அவருக்கு 2003-இல் நோபல் கிடைத்தது. பல வருடங்களுக்குப் பிறகு பார்த்தால் ஆர்எச்சும் அதுவும் ஒரே அங்கிரினைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் இது லட்சம் துகள்களின் சராசரி. எங்கள் பையனின் எந்தச் செல்லும் இதில் இல்லை.

பையனுக்குக் கிடைத்த வெளிச்சம்

அவனுக்குக் கிடைத்தது இவை எதுவும் இல்லை, ஈ.எம்.ஏ. சோதனைதான். இயோசின்-5-மாலிமைடு என்ற ஒளிரும் சாயம் பேண்ட் 3-இன் வெளிப்புறத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டும். கொஞ்சம் ஆர்எச் தொடர்பான புரதங்களிலும் ஒட்டும். சாயமேற்றிய செல்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்பார்கள். ஆயிரமாயிரம் செல்கள், சில நிமிடங்கள். கூடவே ஆரோக்கியமான சிலரின் ரத்தத்தையும் ஓடவிட்டு ஒப்பிடுவார்கள். இதில் படமே கிடையாது, மேடு போல ஒரு வரைகோடு மட்டும்தான். அந்த வசதி எங்களிடம் இல்லை. ஊதா மூடி டியூப்பில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். பையனின் மேடு மற்றவர்களின் மேட்டிலிருந்து தெளிவாக இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. ஒளி குறைவு. சாயம் ஒட்ட வேண்டிய பேண்ட் 3 குறைவு. கூம்ப்ஸ் சோதனை நெகட்டிவ், ஆகவே எதிர்ப்பு சக்தி செல்லைத் தாக்கி உருண்டையாக்கவில்லை. ஸ்மியர், எம்.சி.எச்.சி., குடும்பத்தின் பித்தப்பைக் கற்கள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின.

மூலப் பழுது அங்கிரினிலா, ஸ்பெக்ட்ரினிலா, பேண்ட் 3-லேயா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. எங்கே பழுதென்றாலும் கடைசியில் பேண்ட் 3 குமிழோடு கழன்றுதான் போகிறது. மரபணுச் சோதனை செய்தால் தெரியும். மருத்துவர் இப்போதைக்கு அவசரமில்லை என்றார். இரும்பு டானிக்கை நிறுத்தி ஃபோலிக் அமிலம் எழுதினார். பித்தப்பைக்கு அவ்வப்போது ஸ்கேன். மண்ணீரலை எடுக்கும் பேச்சை இன்னும் சில வருடம் தள்ளிவைக்கலாம், எடுப்பதானால் அதற்கு முன் நிமோகாக்கஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள் போட்டாக வேண்டும் என்றார். பார்வோ வைரஸ் தொற்றினால் கொஞ்ச நாள் எலும்பு மஜ்ஜை புதுச் செல் உண்டாக்குவதை நிறுத்திவிடும், இவனுக்கு ரத்தம் சடாரென்று இறங்கும், அதனால் காய்ச்சலோடு முகம் வெளுத்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று அண்ணியிடம் இரண்டு முறை சொன்னார். அண்ணி அதை அந்த ஜவுளிக்கடைப் பையின் மேலேயே பேனாவால் எழுதிவைத்தார்.

அண்ணனிடம் வரைகோட்டைக் காட்டினேன். இரண்டு மேடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது வெளக்கு எத்தனன்னு எண்ணினது. எடம் குறிச்சது இல்ல" என்றார். சரிதான் என்றேன். செல்லுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். சாயத்தில் ஊறவைத்துக் கழுவினார்கள், உடைக்கவில்லை, விரிக்கவில்லை என்றேன். "அப்பம் நம்பலாம்."

அவருடைய ரத்தத்தையும் அனுப்பச் சொன்னேன். அவருக்கும் ஒளி குறைவுதான், பையன் அளவுக்கு இல்லை. இத்தனை வருடம் கடலில் எஞ்சின் தூக்கியவர், கல் ஆபரேஷன் தவிர ஒருநாளும் படுத்ததில்லை. ஒரே குடும்பத்தில், ஒரே பழுது இருந்தும் ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் இது வருவதுண்டு. அடுத்து அவர் கேட்டது மகளைப் பற்றி. அவளுக்கு நாலு வயது, கண் மஞ்சளானதே கிடையாது. அவளுக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றேன். ஸ்மியரில் அவள் செல்களின் நடுவே வெளிறல் நன்றாகத் தெரிகிறது, எம்.சி.எச்.சி. 33. லேசான வகை ஸ்மியரில் பிடிபடாமல் போகலாம் என்பதால் அவளுடைய டியூப்பையும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கிறோம். ரிசல்ட் இந்த வாரம் வர வேண்டும்.